தரங்கம்பாடியில் டீக்கடன்

பிறந்தது மாயவரம், இருப்பது 18 வருஷமாக கோபன்ஹேகன். 1620-லிருந்து 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடி எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு தடவை போனதோடு சரி. இந்த லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முந்தின நாளே பேசிவைத்த வாடகைக் கார்க்காரர் காலையில் போனை எடுக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பொறையாறு பஸ்ஸில் ஏறிவிட்டோம். செம்பனார்கோயில், ஆக்கூர் வழி, ஜன்னலோர சீட். அம்மா காலத்தில் தரங்கம்பாடிக்கு ரயிலே இருந்தது, 1986-இல் நிறுத்திவிட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சில்லறை கொண்டு போங்கள். இறங்கியதும் இரண்டு டீ குடித்துவிட்டு 500 ரூபாயை நீட்டினேன். "ஜிபே பண்ணிடுங்கண்ணே" என்றார் கடைக்காரர். என் போனில் இருப்பதோ டென்மார்க் நம்பர், டென்மார்க் பேங்க். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "பரவால்ல, திரும்பி வர்றப்ப குடுங்க" என்று சொல்லிவிட்டார். ஊருக்குள் கடனோடுதான் நுழைந்தோம்.

1792-இல் கட்டிய நகர வாயிலைத் தாண்டினால் கிங்ஸ் தெரு. நேரே கடல், பக்கத்தில் கோட்டை. நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. கோட்டைக்கு அன்றுதான் வார விடுமுறை என்பது வாசலில் சுண்டல் விற்ற அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

அதே தெருவில் புதிய எருசலேம் ஆலயம். பெயர்தான் புதியது, பிரதிஷ்டை ஆனது 1718-இல். முகப்பில் சுதையில் ஒரு கிரீடம், அதன் கீழே டேனிஷ் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் பெயர்முத்திரை. மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பா, இந்த மாதிரி நம்ம ஊர்ல இருக்குல்ல!" என்றாள். அவளுக்கு நம்ம ஊர் அது.

செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம். உச்சிவெயிலில் வந்த காலுக்குத் தரை ஜில்லென்றிருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பீடத்துக்கு முன்னால் கூட்டிப்போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு கல்லைத் துடைத்துக் காட்டினார். சீகன்பால்குவின் கல்லறை. அந்த மன்னர் அனுப்பி 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார். தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து, 1715-இல் இங்கேயே அச்சிட்டு முடித்தார். கோயில் எழும்பிய மறு வருஷம் இறந்துபோனபோது வயது 36. அச்சடிக்கக் காகிதம் போதாமல் பொறையாறு பக்கம் ஒரு காகிதப் பட்டறையும் போட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர்.

டென்மார்க்கிலிருந்து வருகிறோம் என்றதும் பெரியவர், "அங்க கோயிலுக்கு ஜனம் வருதா தம்பி?" என்று கேட்டார். கம்மிதான் ஐயா என்றேன். "ஞாயித்துக்கிழமை இங்க வந்து பாருங்க" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ் மன்னருக்குத் தமிழில் எழுதி அனுப்பிய தங்க ஓலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதை இந்த 18 வருஷத்தில் நான் ஒரு தடவை கூடப் போய்ப் பார்த்ததில்லை. பெரியவரிடம் அதைச் சொல்லவில்லை.

கழிவறைதான் பெரும்பாடு. மகளுக்காக ஒரு ஓட்டலில் கேட்டால், சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். சாப்பிட்டோம். வஞ்சிர வறுவலைக் குறை சொல்ல முடியாது. 500 ரூபாயும் அங்கேதான் உடைந்தது.

டீக்கடையில் பாக்கியைக் கொடுத்தபோது கடைக்காரருக்கு எங்களை ஞாபகமே இல்லை. வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு, "இப்ப வர்றது சீர்காழி பஸ்ஸு, அவசரப்பட்டு ஏறிடாதீங்க" என்றார்.