மாலை ஆறரை முதல் எட்டு வரை: ஃபோகஸ் மோடு, நீண்ட நாள் அனுபவம்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கிறேன். கடை கிடையாது, வாட்ஸ்அப்தான் கடை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை என்பதால் வெளியூர்க்காரர்களும் கேட்பார்கள். கட்டம் எவ்வளவு பெரிது, பார்டரைக் கிட்டத்தில் காட்டுங்கள் என்று படம் படமாக அனுப்ப வேண்டும். இப்படிப்பட்டவளிடம் "போனை ஓரமா வை, பிள்ளைகளோட இரு" என்று அறிவுரை சொன்னால் சிரிப்புதான் வரும். பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதும் விசாரிப்பு குவிவதும் ஒரே நேரம். மகள் கதை சொல்வாள், நான் "ம்" கொட்டுவேன். என்ன சொன்னாள் என்பது பாதி நாள் தெரியாது.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று இருக்கிறது. 2018-ல் வந்தது, காசு கிடையாது. அதில் மூன்றைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

ஒரு ஆப்புக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று வைக்கும் டைமர் எனக்குச் சரிவரவில்லை. வியாபாரத்திலேயே மதியத்துக்குள் நேரம் தீர்ந்துவிடும். தீர்ந்தால் அதே செட்டிங்ஸில் போய்க் கூட்டிக்கொள்ளலாம், அப்புறம் என்ன கட்டுப்பாடு? படுக்கை நேரத்தில் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் வசதி இன்னும் மோசம். சேலை விற்பவளுக்கு அரக்கும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் எப்படி?

நிலைத்தது ஃபோகஸ் மோடுதான். நேரத்தைக் குறித்துவிட்டால், நாம் தேர்ந்தெடுத்த ஆப்கள் தானாக நின்றுவிடும், அறிவிப்பும் வராது. போன் அழைப்பு மட்டும் வரும். "ஆறரைக்கு மேல் எட்டு மணி வரை பதில் வராது, அவசரம்னா கூப்பிடுங்க" என்று ஸ்டேட்டஸில் போட்டேன். கூப்பிட்டவர்கள் ரொம்பக் குறைவு. ஓட்டை என்னவென்றால், ஐந்து, பதினைந்து, முப்பது நிமிடம் இடைவேளை எடுத்துக்கொள்ள அதிலேயே பட்டன் உண்டு. கை அரித்தால் அமுக்கிவிடலாம்.

இதைவிடப் பெரிய குறை வேறு. போன் அடங்கினாலும் மனசு கூரியரில்தான் கிடந்தது. பிள்ளைகள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் அரை மணிக்குள் அடுக்களைக்கு எழுந்து போய்விடுவேன். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு பல்லாங்குழி வாங்கி வந்த பிறகுதான் இது மாறியது. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்துப் பக்கம், ஆத்தங்குடிக் கல் தரை சில்லென்று இருக்கும், அங்கேயே விரித்துவிடுவோம். பதினான்கு குழி, ஒவ்வொன்றிலும் புளியங்கொட்டை. போட்டுக்கொண்டே போகையில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் உடனே அள்ளிக்கொள்ள வேண்டும். அசந்தால் போச்சு, "உன் பசுவை விட்டுட்டே!" என்று பொடியன் குதிப்பான். ஒரு கையில் கொட்டை, கண் குழியில். இதில் கூரியர் எங்கே நினைவுக்கு வரும்? மகள் தன் வகுப்புக் கதையை ஒழுங்காகச் சொல்வதும் இப்போது இந்த ஆட்டத்தின் நடுவில்தான்.

பிள்ளையார் நோன்பன்றும் இதையே பார்த்தேன். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கழித்து, இருபத்தோரு இழை சேர்த்த திரியை மாவில் வைத்து ஏற்றி, எரியும்போதே வாயில் போட வேண்டும். மகள் விளக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். "அங்கே என்னத்தா பாக்குறே, திரி அணையப் போகுது, வாயைத் திற" என்றார் ஐயா. அந்த நேரத்தில் யார் கையிலும் போன் இல்லை. யாரும் தடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆக, ஃபோகஸ் மோடுக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஒன்றரை மணி நேரத்தைக் காலி பண்ணிக் கொடுக்கும். அதில் கைக்கு வேலை இருக்கும்படி எதையாவது நாம்தான் வைக்க வேண்டும், பல்லாங்குழியோ பூத்தொடுப்பதோ. காலை நேரத்துக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். வேன் தாமதம் என்பதை எங்கள் டிரைவர் வாட்ஸ்அப் குரூப்பில்தான் போடுவார்.