கோப்பர்நிக்கஸ் பிரவுசர்: சுங்கை சிப்புட்டிலிருந்து முதுகுளத்தூர் நிலத்தைப் பார்க்க

தமிழ்நாட்டில் முதுகுளத்தூர் பக்கம் என் மாமா மகன் மிளகாய் போடுகிறார். மானாவாரி நிலம், வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். போனில் கேட்டால் "பரவாயில்ல மச்சான்" என்பாரே தவிர கஷ்டத்தைச் சொல்லவே மாட்டார். அதனால்தான் மலேசியாவில் என் சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்தபடி நானே பார்க்க ஆரம்பித்தேன்.

ஐரோப்பிய செயற்கைக்கோள் படங்களை கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் பார்க்க ஒரு வெள்ளிகூட செலவில்லை. அவற்றில் சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒரு தடவை அதே இடத்தைப் படம் எடுக்கிறது. ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏக்கருக்குச் சுமார் 40 புள்ளி, வரப்பு தெரியாது, வயல் நன்றாகவே தெரியும். அதில் என்டிவிஐ என்ற, பயிரின் பசுமையைக் காட்டும் லேயரைப் போடுங்கள். தெம்பான இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும், வாடினால் அந்த வித்தியாசம் குறையும், அதுதான் கணக்கு.

ஒரே ஒரு படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 2016இல் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்த மாதப் படத்தையும், நல்ல மழைக்குப் பிந்தைய 2022 ஜனவரிப் படத்தையும் பக்கத்தில் வைத்து நடுக்கோட்டை இழுத்துப் பார்த்தபோது எனக்கு மனசே கனத்துவிட்டது, 2017 படத்தில் ஊரே வெளிறிக் கிடந்தது. ஒரு திட்டு மட்டும் கரும்பச்சை. சந்தோஷத்தில் உடனே போன் போட்டேன். "அது பயிர் இல்ல மச்சான், கண்மாய்க்குள்ள சீமைக்கருவேலம்" என்றார். ஆழத்தில் வேர் விட்ட மரம், மழை இல்லாவிட்டாலும் பச்சையாகவே நிற்கும்.

இங்கே அதற்கு நேர்மாறு. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் தானாகவே இலை கொட்டும். நான் காசு கட்டி வாங்கிய வேறொரு ஆப் அதைப் பார்த்துவிட்டு வறட்சி எச்சரிக்கை அனுப்பியது! பால் வெட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் மேகம். நமக்கு வருஷம் முழுக்கத் தொல்லை, முதுகுளத்தூரிலோ சரியாக நவம்பரில், பயிர் முளைத்ததா என்று தெரிய வேண்டிய நேரத்தில் மறைத்துவிடும். சென்டினல்-1 ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், ஆனால் இலையின் பச்சையைக் காட்டாது. சரி, தேடும்போது மேக அளவைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசியை விடக் கம்ப்யூட்டரில் பார்ப்பது நல்லது.

இப்போது நல்ல படம் கிடைத்தவுடன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன், எந்தத் திட்டு மிளகாய், எது கருவேலம் என்று மச்சான் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்.