6,500 ரூபாய் லேசர் ஃபில்லிங், எட்டாவது மாதம் ரூட் கெனால்: பல் அடைக்கப் போகிறவர்கள் படியுங்கள்

போன வருடம் ஆடி மாதம், கீழ் வலது கடைவாய்ப் பல்லில் சொத்தை என்று ஒரு தனியார் பல் மருத்துவமனைக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை. இரண்டு பற்களுக்கு நடுவே தொடங்கிய சொத்தை, ஈறுக்குப் பக்கம் வரை இறங்கியிருந்தது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், நரம்பைத் தொடவில்லை, அடைத்தாலே போதும் என்றார். ட்ரில் வைத்து அடைத்தால் 1,500 ரூபாய், லேசர் என்றால் 6,500.

"லேசர்னா ஊசி வேண்டாம், வலிக்காது. ஆசிட் எதுவும் வைக்க வேண்டியதில்ல, பல்லோட அப்படியே ஒட்டிக்கும். ஆயுசுக்கும் வரும்" என்றார். ட்ரில் சத்தம் கேட்டாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து கை நடுங்கும். சரி என்றுவிட்டேன்.

வலிக்கவில்லை என்பது உண்மை. தண்ணீர் பீச்சிக்கொண்டே படபடவென்று பொரிவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். குடைந்து முடித்ததும் கன்னத்துக்குள் ஒரு பஞ்சுருளை வைத்தார்கள். அது எச்சிலில் ஊறிப் போனது, மாற்றவே இல்லை. ஏதோ ஒரு திரவத்தைத் தடவி, வெள்ளைப் பசையை மொத்தமாக ஒரே தடவையில் வைத்து அமுக்கி, நீல விளக்கைக் காட்டினார். 20 நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டேன். சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

ஒரு மாதத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. போன் செய்தால், "போகப் போகச் சரியாயிடும், கூச்சத்துக்கு பேஸ்ட் வாங்குங்க" என்றார்கள். ஐந்தாவது மாதம் அடைப்பைச் சுற்றிக் காபி நிறத்தில் ஒரு கோடு. எட்டாவது மாதம் ராத்திரி தூங்க முடியாத வலி. இந்த முறை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அங்கே பார்த்த மருத்துவரம்மா அடைப்பின் ஓரத்தில் கூர்மையான கருவியை வைத்ததுமே அது உள்ளே இறங்கியது. அடைப்பைப் பெயர்த்தால், அடியில் ஈரமாய், பழுப்பாய், மெத்தென்று புதிய சொத்தை. நரம்பு கெட்டுவிட்டது. ரூட் கெனால் செய்து, மேலே கேப் போட வேண்டும் என்றார்.

நான் கண்டதையெல்லாம் சொன்ன பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். அடைப்பு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அதற்கும் பல்லுக்கும் நடுவே இடுக்கு இருந்தால் எச்சிலும் கிருமியும் அதன் வழியே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ட்ரில்லால் குடைந்தால் பல்லின் மேல் ஒன்றிரண்டு மைக்ரான் கனத்துக்கு அரைத்த துகள் படலமாகப் படியும். 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவினால் படலம் போய், பல்லின் கெட்டியான மேல் ஓடான எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். அடைப்பைப் பல்லோடு ஒட்டவைக்கும் பாண்டிங் திரவம் அந்தக் குழிகளில் இறங்கி இறுகுவதுதான் பிடிப்பு. 1955இல் மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் காட்டிய வழி இது.

பல் குடையப் பயன்படும் எர்பியம் லேசர் பல்லுக்குள் இருக்கும் நீரைச் சட்டென்று ஆவியாக்கி, அந்த வெடிப்பில் பல்லைக் குடைகிறது. துகள் படலம் படியாது, பரப்பும் சொரசொரப்பாகத் தெரியும். அதனால் ஆசிட்டே தேவையில்லை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். என்னிடம் சொன்னதும் அதுதான். ஆனால் அந்தச் சொரசொரப்பு வேறு, ஆசிட் உண்டாக்கும் குழிகள் வேறு. லேசர் பட்ட மேல்பரப்பில் நுண்ணிய விரிசல்களும் உதிரும் நிலையில் துணுக்குகளும் இருக்கும், பாண்டிங் ஒரே சீராக இறங்காது. பிடுங்கிய பற்களை அடைத்து, 5 டிகிரி நீரிலும் 55 டிகிரி நீரிலும் மாற்றி மாற்றி முக்கி, சாயத்தில் ஊறவைத்து, குறுக்கே அறுத்துப் பார்ப்பார்களாம், சாயம் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று. லேசரோடு நிறுத்திய பற்களைவிட, லேசருக்குப் பிறகு ஆசிட்டும் வைத்தவற்றில் கசிவு குறைவு என்று இப்படிப்பட்ட பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆசிட்டைத் தன்னுள்ளேயே கொண்ட பாண்டிங் திரவங்களும் உண்டு, ஆனால் அவற்றோடும் எனாமல் ஓரத்துக்கு மட்டும் ஜெல் வைப்பது நல்லது என்றார்.

என் சொத்தை ஈறு ஓரத்தில் இருந்தது. அங்கே எனாமல் மெலிந்து போகும் என்பதால் எந்தக் கருவியால் குடைந்தாலும் கசிவதற்கு வாய்ப்பு அதிகம். எச்சில் படாமல் ரப்பர் ஷீட் கட்டி, இன்னும் கவனமாகச் செய்திருக்க வேண்டிய இடம். காம்போசிட் என்ற அந்த வெள்ளைப் பசை இறுகும்போது இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும், அதனால் சாதாரண வகையை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் விளக்கில் இறுக்க வேண்டும். எனக்கு ஒரே அமுக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சித்தி மகளிடம் "லேசர் ஃபில்லிங்" என்று 3,000 வாங்கியிருக்கிறார்கள். விசாரித்தால் குடைந்தது ட்ரில்லால்தான். பசையை இறுக்கும் அந்த நீல விளக்கைத்தான் லேசர் என்று சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் பலர் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள், ஆனால் அது வெறும் எல்இடி வெளிச்சம், பல்லைக் குடையாது.

நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள். எதால் குடைவீர்கள், அதன் பிறகு ஆசிட் ஜெல் வைப்பீர்களா, எச்சிலை எப்படித் தடுப்பீர்கள், எத்தனை அடுக்காக அடைப்பீர்கள் என்று. நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். அந்த மருத்துவரம்மா நான் கேட்காமலே எல்லாம் சொன்னார்.

பழைய மருத்துவமனைக்கு எக்ஸ்ரேயோடு திரும்பப் போனேன். "நீங்க சரியா பல் தேய்க்கல" என்றார்கள். ரூட் கெனால் அங்கேயே செய்தால் 20 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். என்ன பாண்டிங் போட்டீர்கள், எழுதித் தாருங்கள் என்றேன், தரவில்லை. பில்லில் "லேசர் ஃபில்லிங் 1" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பில்லையும் இரண்டு எக்ஸ்ரேக்களையும் எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் மனு எழுதுகிறேன்.