குப்பைக் கிடங்குக்கு ரோலர் வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

குமரி மாவட்டத்தில் நகராட்சி, பேரூராட்சிக் குப்பைக் கிடங்குகளில் மெஷின் ஓட்டும் ஒப்பந்தக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். ரோட்டு வேலையில் ஓடித் தேய்ந்த மண் ரோலருக்குப் பெயின்ட் அடித்து, குப்பை அமுக்கும் வண்டி என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

நானும் என் மச்சானும் ஒரு கிடங்கில் குப்பையைப் பரப்பி, அமுக்கி, மேலே மண் போடும் வேலையை எடுத்திருந்தோம். ஜேசிபியும் ஹிட்டாச்சியும் கையில் இருந்தன. அமுக்குவதற்குத்தான் வண்டி இல்லை. வெளி மாவட்டத்து டீலர் ஒருவர் கிடங்குக்கே வந்து பார்த்தார். "லேண்ட்ஃபில்லுக்குன்னே செஞ்ச வண்டி சார், டிரம்ல பல்லு இருக்கும் பாருங்க" என்றார். லேண்ட்ஃபில் என்றால் குப்பைக் கிடங்கு. கொட்டேஷனிலும் 'குப்பை அமுக்கும் காம்பாக்டர்' என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். முழுப் பணமும் வாங்கிய பிறகுதான் வண்டியை லோபெட்டில் ஏற்றினார். வந்து இறங்கியது 11 டன் பேட்ஃபுட் சாயில் காம்பாக்டர், அதாவது டிரம்மில் குட்டைப் பல் வைத்த மண் ரோலர். நான்கு வழிச்சாலை வேலையில் செம்மண் அமுக்குகிற அதே ரகம்.

டிரம்மில் பல் இருக்கிறது என்பதால் அது குப்பை வண்டி ஆகிவிடாது. சாயில் காம்பாக்டர் அதிர்வால் வேலை செய்வது. அதிர்ந்தால் மண் துகள்கள் நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். குப்பையில் இருப்பது மெத்தை, பிளாஸ்டிக், இளநீர்க் கூடு. அவை அதிர்வை வாங்கிக்கொண்டு, டிரம் தாண்டியதும் மறுபடி எழும்பிவிடும். முதல் நாளே எங்கள் ஆபரேட்டர் இறங்கி வந்து, "அண்ணே, அமுக்கல்ல, மேல நின்னு குதிக்குது" என்றார். உண்மையான லேண்ட்ஃபில் காம்பாக்டருக்கு நான்கும் இரும்புச் சக்கரம், ஒவ்வொன்றிலும் நீளமான பல். அதிர்வே கிடையாது. 20 டன்னுக்கு மேல் தொடங்கி 50 டன் தாண்டியும் எடை இருக்கும். அந்த எடையும் பல்லும்தான் குப்பையைக் கிழித்து இறக்கும். அதற்கே குப்பையை ஒன்றிரண்டு அடி கனத்தில் பரப்பி மூன்று நான்கு முறை ஓட்ட வேண்டும்.

அப்புறம் வலை. நம் கடலோர ஊர்களின் குப்பையில் கிழிந்த நைலான் வலையும் கயிறும் வராத நாள் கிடையாது. அது டிரம்மின் பக்கவாட்டில் நுழைந்து, சுற்றிச் சுற்றி இறுகி, சூட்டில் உருகி, ஆயில் சீல் இருக்கும் இடத்தில் கறுப்பு வளையமாகக் கெட்டிப்பட்டிருந்தது. கத்தி ஏறவில்லை. உளி வைத்துத் தட்டி எடுத்தார்கள். அடியில் சீல் பிளந்து ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. குப்பைக்கென்று செய்த வண்டியில் அச்சுக்குக் காவல் தகடு, கயிறை அறுக்கும் கத்தி, பல்லிடுக்கில் சிக்குவதைச் சுரண்டும் கம்பி, ரேடியேட்டருக்கு வலைத்தடுப்பு, எஞ்சினுக்கு அடித்தகடு எல்லாம் இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. பின்பக்கம் ரப்பர் டயர்; ஆணியும் கம்பியும் அதை விட்டுவைக்கவில்லை.

டீலரைக் கூப்பிட்டோம். "ஆபரேட்டர் சரியில்லை" என்றார். பிறகு வாரண்டித் தாளைக் காட்டினார். குப்பை, கழிவு வேலையில் ஓட்டினால் வாரண்டி செல்லாது என்று அதில் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்தத் தாளும் வண்டி வந்த பிறகுதான் எங்கள் கைக்கு வந்தது. கிடங்குக்கே வந்து குப்பையைப் பார்த்து விற்றவர், குப்பையில் ஓட்டியதால் பொறுப்பில்லை என்கிறார். எனக்கு ஆறாதது இதுதான். பின்னால், வண்டித் தகட்டில் இருந்த சீரியல் நம்பரைத் தயாரித்த கம்பெனிக்கு அனுப்பி சர்வீஸ் விவரம் கேட்டோம். வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரில் இருந்ததைவிடப் பல மடங்கு ஓடிய வண்டி அது.

நஷ்டம் எங்களோடு நிற்கவில்லை. அப்போது அமலில் இருந்த 2016 திடக்கழிவு விதிகளின்படி அன்றன்றைய குப்பைக்கு மேல் குறைந்தது 10 செ.மீ. மண்ணோ கட்டட இடிபாடோ போட வேண்டியிருந்தது, மழைக்காலத்துக்கு முன் 40 முதல் 65 செ.மீ. மண் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. அமுங்காத குப்பை மேல் போட்ட மண் பொந்துகளுக்குள் இறங்கிப் போனது. நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. தண்ணீர் உள்ளே புகுந்து, கறுப்புச் சாறாகப் பக்கத்துத் தென்னந்தோப்பில் வடிந்தது. தோப்புக்காரர் கிணற்றைக் காட்டிக் கேட்டபோது பதில் சொல்ல வழியில்லை.

ஆகவே வாங்குகிறவர்கள் கொட்டேஷனில் மாடல் நம்பர், எடை, சக்கர வகை, தயாரித்த வருடம் நான்கையும் எழுதி வாங்குங்கள். வாரண்டித் தாளை முன்கூட்டியே கேளுங்கள். முக்கியமாக, வண்டியை உங்கள் குப்பையிலேயே, மழை பெய்து ஊறிய இடத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த ஆளே வேண்டாம்.

என் அபிப்பிராயம், நம் பேரூராட்சிக் கிடங்கு அளவுக்கு லேண்ட்ஃபில் காம்பாக்டரே தேவையில்லை. தினம் நூற்றுக்கணக்கான டன் இறங்கும் இடத்துக்குத்தான் அந்த விலை கட்டுப்படியாகும். மழை அதிகமுள்ள பகுதியில் கனரக காம்பாக்டர் ஓட்ட முடியாவிட்டால் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதே 2016 விதிகளே சொல்லியிருந்தன. சக்கரத்துக்குப் பதில் அகலச் செயினில் ஓடும் டோசர் (முன் தகட்டால் மண்ணைத் தள்ளும் வண்டி) சேற்றில் புதையாது, பரப்பும் வேலைக்கு நன்றாக இருக்கும். ஆனால் செயின் எடையைப் பகிர்ந்துவிடுவதால் இரும்புச் சக்கரம் அளவுக்கு அமுக்காது. அதையும் தெரிந்தே எடுங்கள். மக்குவதையும் விற்கக்கூடியதையும் முன்னாலேயே பிரித்துவிட்டால் அமுக்க வேண்டியதே பாதிக்குக் கீழே வந்துவிடும்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். தொழில் லாபத்துக்காக வாங்கியது என்று சொல்லி நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட வாய்ப்புண்டு. சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஒருவர் வாங்கியதென்றால் 2019 நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆள் வைத்து ஓட்டும் எங்களுக்கு அது கஷ்டம் என்பதால் சிவில் வழக்குக்குத் தயாராகிறோம். 'குப்பை அமுக்கும் காம்பாக்டர்' என்று எழுதிய கொட்டேஷனோடு இதேபோல் மண் ரோலர் வாங்கியவர் யாராவது இருந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். அப்படி இன்னொரு கொட்டேஷன் கிடைத்தால் வழக்குக்குப் பெரிய பலம் என்கிறார் எங்கள் வக்கீல்.