வாத்துத் தூவி ஸ்லீப்பிங் பேக்கும் நம் ஊர்ப் புழுக்கமும்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

இமயமலைக் குளிருக்காக வாங்கிய என் வாத்துத் தூவி ஸ்லீப்பிங் பேக் ஆண்டில் சில வாரங்கள்தான் மலையில் இருக்கிறது. மற்ற நாள்களைச் சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு அலமாரியில் கழிக்கிறது. பல ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தி வருவதில், அதன் ஆயுள் பெரும்பாலும் வீட்டில்தான் தீர்மானிக்கப்படுகிறது என்ற எண்ணம் எனக்கு வலுத்துக்கொண்டே வந்திருக்கிறது. குளிர்நாட்டவர் எழுதும் பராமரிப்புக் குறிப்புகளில் ஒரு பகுதி நமக்கு அப்படியே பொருந்தும். மற்றதை நம் புழுக்கத்துக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பையின் மொத்த எடை ஏறத்தாழ ஒரு கிலோ. அதில் பாதி தூவி. ஃபில் பவர் 800 என்று போட்டிருக்கிறது. அதாவது அதில் உள்ள தூவியை ஓர் அவுன்ஸ், ஏறக்குறைய 28 கிராம், எடுத்து அழுத்தாமல் விட்டால் அது 800 கன அங்குலம், சுமார் 13 லிட்டர், இடத்தை நிரப்பும். உடல் சூட்டைக் காப்பது தூவியின் மெல்லிய இழைகளுக்கு இடையே அசையாமல் தங்கும் காற்றுதான் என்பதால், தூவி உப்பியிருக்கும் வரைதான் பைக்குக் கதகதப்பு உண்டு. வியர்வைப் பிசுக்கோ ஈரமோ ஏறி இழைகள் ஒட்டிக்கொண்டால் எவ்வளவு விலை கொடுத்த பையும் வெறும் நைலான் துணிதான். வாங்கும்போது ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான ஐஎஸ்ஓ 23537 தரமுறையின்படி அச்சிட்டிருக்கும் ‘கம்ஃபர்ட்’ (வசதியாகத் தூங்கக்கூடிய குளிர்நிலை), ‘லிமிட்’ (சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை) ஆகிய இரண்டு எண்களில் முதலாவதை மட்டும் பாருங்கள் என்பேன். இரவில் 25 டிகிரிக்குக் குளிர்சாதனத்தை வைத்துவிட்டுப் போர்வை தேடும் நம்மவர்க்கு ‘லிமிட்’ எண் பெரிதாக உதவாது.

இனி வீட்டுக்கு வருவோம். சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. விடியற்காலையில் 90ஐத் தாண்டிவிடும். தூவி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். பையுடன் வரும் சிறிய அமுக்குப் பையில் மாதக்கணக்கில் திணித்து வைத்திருந்தால் தூவி நசுங்கி, பழையபடி உப்ப மறுக்கும் என்பது எல்லாரும் சொல்வது. அதே நிலையில் ஈரமும் சேர்ந்தால் பூசண வாடை பிடிக்கும் என்பது நம் ஊரில் கூடுதல் தொல்லை. பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு, படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், சுவரோடு ஒட்டாமல் வைக்கிறேன். இரவில் குளிர்சாதனம் ஓடுவதால் வீட்டிலேயே காற்று சற்று உலர்ந்திருக்கும் அறை அதுதான். பலரும் மலையேற்றச் சாமான்களை ‘பாம் ஷெல்டர்’ எனப்படும், வீட்டுக்குள்ளேயே உள்ள வெடிகுண்டுப் பாதுகாப்பு அறையில் அடுக்குகிறார்கள். கூடாரக் கம்பிகளுக்கு அது போதும். காற்றோட்டம் குறைந்த அந்த அறை தூவிக்கு ஆகாது. மாதம் ஒருமுறையாவது பையை வெளியே எடுத்து உதறி, மின்விசிறிக்குக் கீழே சில மணி நேரம் விரித்துப் போடுகிறேன். வெயிலில் காயவைத்த இலவம்பஞ்சுத் தலையணை போல அது மெல்ல எழும்பி வருவதைப் பார்த்து, “இதுக்கா இவ்வளவு காசு, தம்பி?” என்று அம்மா இன்னமும் கேட்கிறார்.

துவைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அஞ்சித் தள்ளிப்போடுவது இதைத்தான். அடிக்கடி துவைக்கத் தேவையில்லை. கழுத்துப் பகுதி கறுத்து, உதறியும் பை உப்பாதபோது துவைத்தால் போதும். நான் மழை குறைந்திருக்கும் பிப்ரவரி மாதத்தைத் தேர்ந்துகொள்கிறேன். முன்பக்கக் கதவுள்ள இயந்திரம்தான் வேண்டும். நடுவில் சுழல்தண்டு உள்ள மேல்திறப்பு இயந்திரம், பைக்குள் தூவியை அறை அறையாகப் பிரிக்கும் உள்தடுப்புத் துணிகளைக் கிழித்துவிடக்கூடும். வழக்கமான சலவைத் தூள் தூவியின் இயற்கை எண்ணெயை உரித்துவிடும். துணி மென்மையாக்கியோ இழைகளில் படிந்து உப்பலைக் கெடுக்கும். தூவிக்கென்று விற்கும் திரவச் சோப்பைக் குறைந்த அளவில் ஊற்றி, மென்சுழற்சியில் துவைத்து, நுரை அறவே போகும்வரை இரண்டு மூன்று முறை அலசுகிறேன். நனைந்த பையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. நீரின் கனத்தில் உள்தையல்கள் பிய்ந்துவிடும். ஒரு பெரிய வாளியைக் கதவருகே வைத்து, இரு கைகளாலும் அடியில் தாங்கி அதனுள் இறக்க வேண்டும். அந்த நேரத்தில் பையைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும்: துணியோடு துணி ஒட்டி, தூவியெல்லாம் கோலி அளவில் கட்டிக்கட்டியாகத் திரண்டு, ஒவ்வோர் அறையின் மூலையிலும் ஒதுங்கிக் கிடக்கும்.

காயவைப்பதுதான் உண்மையான வேலை. மூங்கில் கழியில் மாட்டி நம் காற்றில் உலர்த்த நினைத்தால் உள்ளே ஈரம் நாள்கணக்கில் தங்கி நாற்றமெடுக்கும். ஆகவே புளோக்கின் கீழ்த்தளச் சுயசேவைச் சலவைக் கடைக்குப் போய், பெரிய உலர்த்தியில் மிகக் குறைந்த சூட்டில், சுத்தமான டென்னிஸ் பந்துகள் இரண்டு மூன்றைக் கூடவே போட்டுச் சுழலவிடுகிறேன். அரைமணிக்கொரு தடவை வெளியே எடுத்து, விளக்குக்கு எதிரே பிடித்து, கருநிழலாகத் தெரியும் கட்டிகளை விரல்களால் பிரித்துவிட வேண்டும். மூன்று நான்கு மணி நேரம் ஆகும். சில்லறையும் பொறுமையும் கைவசம் இருக்கட்டும். வெளித்துணி சீக்கிரமே காய்ந்துவிடும் என்பதால் தொட்டுப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. துவைப்பதற்கு முன்பே பையைச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வைத்துக்கொண்டு, காய்ந்தபின் மறுபடி நிறுத்துப் பார்க்கிறேன். எடை கூடுதலாகக் காட்டினால் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள்.

பயணத்துக்கு மூட்டை கட்டும்போது பையைச் சுருட்டுவதோ மடிப்பதோ இல்லை. ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழாதிருக்க, கால்பக்கத்திலிருந்து பிடிபிடியாகத் திணிப்பதே நல்லது. வார்களை இழுத்துக் கல்லாக இறுக்கும் உறையை நான் ஒதுக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக 20 லிட்டர் நீர்புகாப் பை ஒன்றில் தளர்வாகத் திணித்து, வாயைச் சுருட்டி மூடி, முதுகுப்பையின் அடியில் வைத்தால், மேலே ஏறும் சாமான்களின் கனத்திலேயே அது மூலைமுடுக்கெல்லாம் நிரப்பிக்கொள்ளும். நேபாளப் பருவமழை வாலாட்டும் நாள்களை எண்ணி முதுகுப்பைக்குள்ளும் தடித்த குப்பைப் பை ஒன்றை உறையாக இடுகிறேன். மழையுறையை மட்டும் நம்ப முடியாது, முதுகுப் பக்கமாக நீர் இறங்கிவிடும்.

மலையில், அறைக்குப் போனவுடன் முதலில் பையை உதறி விரித்துவிடுவது வழக்கம். படுப்பதற்குள் அது எழும்பிவிடும். 4,130 மீட்டரில் உள்ள அன்னபூர்ணா அடிவார முகாமில் மூக்கு உறையும் குளிரில்கூட முகத்தைப் பைக்குள் புதைத்து மூச்சு விடுவதில்லை, குரங்குக் குல்லாவால் சமாளிக்கிறேன். மூச்சின் ஈரம் இரவெல்லாம் தூவியில்தான் போய்ச் சேரும். காய்ந்த உள்ளாடையும் பட்டு உள்ளுறையும் வியர்வைப் பிசுக்கைத் தடுத்துத் துவைக்கும் நாளைத் தள்ளிப்போடுகின்றன. காலையில் வெயில் வந்ததும் உட்புறத்தை வெளியே திருப்பி, காப்பி குடிக்கும் நேரம் வரையிலாவது கல்சுவரில் போடுங்கள்; அதற்காக நாள்முழுக்கப் போட்டால் நைலான் வெயிலில் நைந்துபோகும். உணவறை அடுப்பருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஒரு பொறி பட்டாலும் மெல்லிய துணி உருகி ஓட்டை விழும். என் பையில் அப்படி இரண்டு இடங்களில் ஒட்டுநாடாத் துண்டுகள் இருக்கின்றன, இன்றுவரை பிடித்து நிற்கின்றன. தையல் வழியே எட்டிப் பார்க்கும் இறகை வெளியே உருவினால் துளை பெரிதாகும். மறுபக்கத் துணியோடு சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்துவிட வேண்டும்.

இத்தனை கவனிப்பும் எல்லாப் பயணத்துக்கும் தேவைப்படாது. மலேசியாவின் தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் உள்ள குனோங் தஹான் போன்ற மழைக்காட்டு மலைகளுக்குத் தூவிப் பை வேண்டாம். அங்கே எல்லாமே ஈரம், செயற்கை இழைப் பை நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். கினபாலு மலையில் பனலாபான் விடுதியிலேயே படுக்கை கொடுத்துவிடுவார்கள். வாழ்நாளில் ஒருமுறை மட்டும் இமயம் பார்க்கப் போகிறவர் காத்மாண்டின் தமேல் கடைகளில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். உதறி உப்புகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டு, சொந்தப் பட்டு உள்ளுறை ஒன்றை மட்டும் இங்கிருந்து எடுத்துச் சென்றால் போதும்.