கண் மங்கும்போது வாய் திறக்காத கருவி

என் கார் 2013-இல் வாங்கியது. ஏர்பேக் உண்டு, ஏபிஎஸ் உண்டு. முன்னால் போகும் வண்டியை நெருங்கினால் எச்சரிப்பது, லேனை விட்டு விலகினால் சத்தம் போடுவது போன்ற வசதி எதுவும் கிடையாது. நன்றாக ஓடும் காரை அதற்காக மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் போன வருடம் என் தங்கை, பின் சீட்டில் அழுத குழந்தையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்த இரண்டு விநாடியில் முன்னால் நின்ற வண்டியில் இடித்துவிட்டாள். யாருக்கும் அடி இல்லை. இருந்தாலும் அந்த ஃபோன் வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரமே, வெளியில் வாங்கிப் பொருத்தும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை என் காரில் மாட்டினேன். நான்கு மாதம் தினமும் அதோடு ஓட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்தக் கம்பெனியின் கருவியை வாங்கினாலும் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

முன்கண்ணாடியில், நடுக் கண்ணாடிக்குப் பின்னால், சோப்புக் கட்டி அளவில் ஒரு கேமரா. டேஷ்போர்டில் சின்ன வட்டத் திரை. எல்லாம் சரியாக இருந்தால் பச்சை விளக்கு, ஆபத்து என்றால் சிவப்பு விளக்கும் சத்தமும். பிரேக்கையோ ஸ்டீயரிங்கையோ இது தொடாது. தொடாத கருவிதான் வேண்டும் என்று தேடியே வாங்கினேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பொருத்திய அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வந்த பையன் இருபதே நிமிஷத்தில் "முடிஞ்சது சார்" என்றான். "தம்பி, கேமராவோட உயரத்தை அளந்தீங்களா?" என்று கேட்டேன். அளக்கவில்லை. கருவியில் முன்பே இருந்த 135 சென்டிமீட்டரை அப்படியே விட்டிருந்தான். டேப் வைத்து அளந்தால் தரையிலிருந்து 128. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஒற்றைக் கேமராவுக்கு இரண்டு கண் கிடையாது. முன் வண்டியின் டயர் ரோட்டைத் தொடும் இடம் படத்தில் எவ்வளவு கீழே தெரிகிறது என்பதையும், தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதையும் வைத்துத்தான் அது தூரத்தைக் கணக்கிடுகிறது. உயரத்தில் இருபதில் ஒரு பங்கு தப்பு என்றால் தூரத்திலும் அதே விகிதத்தில் தப்பு வரும். இருப்பதை விட அதிகத் தூரம் என்று நினைத்துக்கொண்டு, எச்சரிக்கையைத் தாமதமாகத் தரும். மணிக்கு 80 கிலோமீட்டரில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. தாமதம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எனக்குச் சம்மதமில்லை.

அப்புறம் ஒயர். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவிலிருக்கும் தூணின் உறையில் 'ஏர்பேக்' என்றே எழுதியிருக்கிறது. விபத்தில் பக்கவாட்டு ஏர்பேக் அங்கிருந்துதான் விரியும். பையன் ஒயரை அந்தப் பைக்கு முன்னால், குறுக்காகச் செருகியிருந்தான். பை விரியும்போது ஒயர் தடுக்கலாம். இல்லையென்றால் பையே ஒயரையும் சேர்த்து முகத்தில் வீசலாம். உறையைக் கழற்றச் சொல்லி, பைக்குப் பின்னால், ஏற்கெனவே ஓடுகிற ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்ட வைத்தேன். அவன் முகம் சுளிக்காமல் செய்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். உயிர் சம்பந்தப்பட்ட ஒரு பொருளைக் காரில் பொருத்துகிறவருக்கு ஒரு நாள் பயிற்சிகூடத் தராமல் அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேகத்தைத் தெரிந்துகொள்ள, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில், அதாவது மெக்கானிக் காரின் கோளாறைப் பார்க்கக் கருவி மாட்டும் இடத்தில், செருக வேண்டும் என்றான். அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2015-இல் சான் டியேகோவில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு கார்வெட் காரின் அந்தச் சாக்கெட்டில், இன்ஷூரன்ஸுக்காகச் செருகும் ஒரு சின்னக் கருவியை மாட்டி, அதற்கு எஸ்எம்எஸ் அனுப்பியே வைப்பரை ஓடவிட்டார்கள். மெதுவாக ஓடும்போது பிரேக்கைப் போட்டார்கள், பிரேக்கை வேலை செய்யாமலும் ஆக்கினார்கள். காரின் எல்லா மூளைகளும் பேசிக்கொள்ளும் வழி அந்தச் சாக்கெட்டில் வந்து முடிகிறது. யார் சோதித்தார்கள் என்று தெரியாத ஒரு பெட்டியை அதில் செருகுவதற்கில்லை. ஜிபிஎஸ் வேகமே போதும் என்றேன். அது சற்றுப் பிந்திக் காட்டும், சுரங்கப் பாதையில் நின்றுவிடும். தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். இண்டிகேட்டர் ஒயரை மட்டும் இணைத்தோம். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை லேன் மாறும்போதும் கத்தும்.

சரி, எப்படி வேலை செய்கிறது? நல்ல வெளிச்சத்தில், நன்றாகவே. முன் வண்டிக்கும் எனக்கும் எத்தனை விநாடி இடைவெளி என்று திரையில் எண் வரும். முதல் வாரம் 0.9, 1.0 என்றே இருந்தது. இத்தனை வருஷமாக இவ்வளவு நெருக்கமாகவா ஓட்டினோம் என்று திக்கென்றது. இப்போது 2-க்குக் கீழே இறங்க விடுவதில்லை. வாங்கியதில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய லாபம் இதுதான். மோதல் எச்சரிக்கை நான்கு மாதத்தில் மூன்று தடவை நிஜமாகவே உதவியது. லேன் எச்சரிக்கை, கோடு பளிச்சென்று இருக்கும் ரோட்டில் மட்டும்.

இனி குறைக்கு வருகிறேன். ஒரு நாள் விடியற்காலை, நல்ல குளிர். ஹீட்டர் போட்டு, கண்ணாடியில் என் பக்கம் தெளிந்ததும் கிளம்பிவிட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. அரை மணி நேரம் கழித்து முன்னால் போன வேன் சட்டென்று பிரேக் போட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்ததால் நிறுத்திவிட்டேன். கருவி மூச்சு விடவில்லை. ஓரம் கட்டிப் பார்த்தால், கேமராவுக்கு நேர் முன்னால் உள்ளங்கையளவு இடத்தில் கண்ணாடி பால் போல வெளுத்திருந்தது. கேமராவைத் தாங்கும் தட்டு மறைத்ததால் ஹீட்டர் காற்று அங்கே போகவே இல்லை. விரலால் தொட்டேன், ஈரம். அரை மணி நேரமும் அது ஒன்றையும் பார்க்கவில்லை. விளக்கு மட்டும் பச்சை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு காலி மைதானத்துக்குப் போனேன். "மாப்பிள்ளை, நீங்க ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேமராவைக் கைக்குட்டையால் முழுசாக மூடினேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆறு நிமிஷம் சுற்றினோம். விளக்கு பச்சையிலிருந்து மாறவே இல்லை. மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கம்பெனிக்கு எழுதினேன். "கண்ணாடியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்" என்று ஒரு வரிப் பதில் வந்தது.

தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் கருவி என்றால் இப்படித் தப்பிக்க முடியாது. கார்களின் தானியங்கி அவசர பிரேக்குக்கான ஐ.நா. விதி 152, அமைப்பு பழுதானால் ஓட்டுநருக்கு மஞ்சள் விளக்கு தொடர்ந்து எரிய வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் அவசர பிரேக் கட்டாயம். ஆனால் இந்த விதிகள் கார் தயாரிக்கிறவரைக் கட்டுப்படுத்துபவை. கார் கைக்கு வந்த பிறகு நானே ஒட்டிக்கொள்ளும் பெட்டியை அந்த விதியை வைத்து யாரும் சோதிப்பதில்லை.

பிரேக்கைத் தொடாத கருவியைத் தேடியதற்கும் இதுதான் காரணம். 2016 அக்டோபரில், காரைத் தானே ஓட்ட உதவும் 'கம்மா ஒன்' என்ற வெளிக்கருவியை விற்கவிருந்த ஜார்ஜ் ஹாட்ஸுக்கு, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனமான என்ஹெச்டிஎஸ்ஏ கடிதம் அனுப்பியது: இது பாதுகாப்பானது என்பதை எப்படி உறுதி செய்கிறீர்கள், நவம்பர் 10-க்குள் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு 21,000 டாலர் வரை அபராதம். அவர் விற்பனையையே கைவிட்டு, அடுத்த மாதம் அதன் மென்பொருளை 'ஓபன்பைலட்' என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அதே ஓபன்பைலட் 2020-இல், பொருள்களைச் சோதித்து மதிப்பிடும் அமெரிக்க நிறுவனமான 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' சோதித்த 17 ஓட்டுநர் உதவிக் கருவிகளில் முதலிடம் பெற்றது. ஓட்டுநர் ரோட்டைப் பார்க்கிறாரா என்று கேமரா வைத்துக் கவனித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வெளியில் வாங்கிப் பொருத்துவது என்பதாலேயே ஒன்று மோசமாகிவிடாது. கேள்வி கேட்க ஆள் இருக்க வேண்டும்.

அப்படிக் கேட்கவும் முடியும். லண்டன் போக்குவரத்து அமைப்பு, 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் ஓட்டுநருக்கு வெளியே நேரடியாகத் தெரியும் அளவு குறைவாக இருந்தால், பக்கவாட்டு சென்சார் பொருத்தியே ஆக வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து கடுமையாக்கியது. ரோட்டோரக் கம்பத்துக்கெல்லாம் அந்த சென்சார் கத்தக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். கத்திக்கொண்டே இருந்தால் ஓட்டுநர் அணைத்துவிடுவார் என்பது தெரிந்தவர்கள் எழுதிய விதி அது. 'கேமரா மறைந்தால் பச்சை விளக்கு எரியக் கூடாது' என்ற ஒரு வரி என் கருவிக்கும் இருந்திருந்தால், அந்த விடியற்காலையில் எனக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

பத்துக்கு நான் தருவது ஐந்து. ஐந்தும் அந்த இடைவெளி எண்ணுக்காக. கழற்றவில்லை, தட்டை இரண்டு விரல் கீழே இறக்கி ஒட்டச் செய்து, ஹீட்டர் காற்று போகிறதா என்று பார்த்தேன். வைப்பர் துடைக்கும் பகுதிக்குள்தான் இருக்கிறது. உயரத்தை மறுபடி அளந்து மாற்றியாயிற்று. கிளம்புமுன் கேமராவுக்கு எதிரே கண்ணாடியைத் துணியால் துடைக்கிறேன்.

தங்கையும் தன் காரில் ஒன்று பொருத்த வேண்டும் என்கிறாள். வாங்குவதற்கு முன்னால், அதே கருவி மாட்டிய வண்டி ஒன்றில் உட்கார்ந்து, ஓடும்போது கேமராவைக் கைக்குட்டையால் மூடிப் பார் என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை இரண்டு பார்த்தாள். ஒன்றில் பச்சையே எரிந்தது. இன்னொன்றில் ஒரு நிமிஷத்துக்குள் மஞ்சள் விளக்கு வந்து, 'கேமரா மறைந்துள்ளது' என்று எழுத்தும் வந்ததாம். அதன் கையேட்டை எனக்கு அனுப்பியிருக்கிறாள், படித்துக்கொண்டிருக்கிறேன்.