டர்பன் டெனிஸ் ஹர்லி சென்டர்: அன்னதானம் குடுக்க நினைக்கிறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

ரோட்டுல படுக்கிறவங்களுக்கு சாப்பாடு குடுக்கணும், தென்னாப்பிரிக்கா டர்பன்ல எங்க குடுக்கலாம்னு நம்ம கோயில் வாட்ஸப் குரூப்ல அடிக்கடி கேக்குறாங்க, அதான் கொஞ்சம் விவரமாவே எழுதிடறேன். டெனிஸ் ஹர்லி சென்டர் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் பக்கத்துல, இமானுவல் கத்தீட்ரலை ஒட்டி இருக்கு, ஜும்மா மசூதியும் ரெண்டு எட்டுதான். அபார்தெய்டுங்கிற நிறவெறி ஆட்சியை எதிர்த்து நின்ன ஆர்ச்பிஷப் ஹர்லி பேர்ல 2015ல தொறந்தாங்க. சர்ச் இடம்தான், ஆனா உதவிக்கு வர்றவங்கள்ல இந்து, முஸ்லிம், கிறிஸ்டியன் எல்லாரும் உண்டு, வரிசையில நிக்கிறவங்களை நீ எந்த மதம்னு யாரும் கேக்குறதில்ல.

சாப்பாடு சூடா, வயிறு நிறைய கிடைக்கும். ஆனா நான் அஞ்சு ஸ்டார் குடுக்குறது அதுக்காக இல்ல. சாப்பிட வந்த மனுஷன் அதே கட்டடத்துல குளிக்கலாம், கிளினிக்ல நர்ஸைப் பாக்கலாம், யார்கிட்டயாவது உக்காந்து தன் கஷ்டத்தைச் சொல்லலாம். கிளினிக் வெளியில ஒருத்தர் சட்டைக்குள்ள கை விட்டு ரொட்டி கவரை எடுத்தாரு, நாலு முடிச்சு போட்டிருந்தாரு, உள்ள டிபி மாத்திரை. அந்த மாத்திரையை ஆறு மாசம் விடாம சாப்பிடணும், வீடு இல்லாதவங்க அதை எங்க வெச்சு காப்பாத்துறது சொல்லுங்க, மழை வந்தா நனைஞ்சுடும், ராத்திரி போலீஸ் ரெய்டு வந்தா போர்வையோட சேர்ந்து அதுவும் போயிடும், பாதியில நிறுத்தினா நோய் திரும்ப வந்து மருந்துக்கே கட்டுப்படாமப் போகலாம். ஒரு தட்டு பிரியாணி குடுத்துட்டுப் போறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது.

அங்க வரிசையில நம்ம ஆளுங்களும் இருக்காங்க, அதையும் சொல்லணும். டர்பன்ல இந்தியர்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வர்த்ல பொறந்து வளர்ந்த ஒரு தாத்தா என் நெத்திப் பொட்டைப் பாத்துட்டு "வணக்கம் பாப்பா"ன்னாரு. கையில கொஞ்சம் ரேண்ட் இருந்தா அன்னிக்கு ராத்திரி காசு கட்டி ஷெல்டர்ல படுக்கை எடுப்பாராம், இல்லாத நாள்ல மார்க்கெட் பக்கம் கடை வாசல்லயாம். "கணக்கெடுக்க வர்றாங்களே, என்னை எதுல எழுதுவாங்க?"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் வரல.

அவர் கேட்டது நியாயம்தான். 2022 சென்சஸ்ல நாடு முழுக்க வீடில்லாதவங்க 55,719 பேர்னு எழுதியிருக்காங்க. பிப்ரவரி 2ஆம் தேதி ராத்திரி அவங்களை எண்ணினாங்க, ரெண்டு மாசத்துல, ஏப்ரல்ல, டர்பன்ல அந்தப் பெரிய வெள்ளம் வந்து எத்தனையோ குடும்பம் வீட்டை இழந்துச்சு. இன்னொண்ணு, அந்த சென்சஸ்ல நாட்டு ஜனத்துல நூத்துக்கு 31 பேர் விட்டுப்போச்சுன்னு பின்னால சரிபார்த்து சென்சஸ் எடுத்த அரசு புள்ளிவிவரத் துறை ஸ்டாட்ஸ் எஸ்ஏவே சொன்னாங்க. கதவு நம்பர் இருக்கிறவங்களுக்கே அந்தக் கதின்னா உம்கேனி ஆத்தோரப் புதர்ல படுத்திருக்கிறவங்களை எப்படி முழுசா எண்ணியிருக்க முடியும்? ராத்திரி டார்ச்சும் ஜாக்கெட்டுமா நாலு பேர் வந்தா போலீஸ்னு நெனச்சு எழுந்து ஓடத்தான் செய்வாங்க, பொம்பளைங்க பயத்துல யார் கண்ணுலயும் படாத இடமாப் பாத்துதான் படுப்பாங்க, நிறுத்தின காருக்குக் காவல் நிக்கிற கார் கார்டு வேலை பாக்கிறவங்க அந்த நேரத்துல எங்கயோ நின்னுக்கிட்டிருப்பாங்க. அதுக்கு முன்னாடி, 2016ல எச்எஸ்ஆர்சிங்கிற அரசு ஆராய்ச்சி அமைப்பு டர்பன்ல ஆய்வு பண்ணி கிட்டத்தட்ட 4,000 பேர், பாதி ரோட்டுல பாதி ஷெல்டர்லன்னு சொன்னாங்க, நம்ம தாத்தா மாதிரி ஆளுங்க அந்த ரெண்டு பாதியிலயும் மாறி மாறி இருக்கிறவங்க. எண்ணிக்கை குறைஞ்சா பட்ஜெட்ல படுக்கையும் குறையும், அதனாலதான் எனக்கு இதுல இவ்வளவு ஆதங்கம்.

அடுத்தது ஐடி, அதான் அடையாள அட்டை. தொலைஞ்ச ஐடிக்குப் பதிலா புதுசு எடுக்க 140 ரேண்ட், வேலை இல்லாதவங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற மாசம் 370 ரேண்ட் எஸ்ஆர்டி உதவிக்கு அப்ளை பண்ணவோ ஐடி நம்பர் வேணும், ஓடிபி வர போன் வேணும். ரெண்டும் திருடு போன மனுஷன் என்ன பண்ணுவாரு? தினமும் வந்து போற இடம் ஒண்ணு இருந்தாத்தான் அவரைத் தெரிஞ்ச யாராவது கூட உக்காந்து இதுக்கெல்லாம் வழி பாக்க முடியும். ஒரு ராத்திரி மட்டும் டார்ச் அடிச்சுட்டுப் போறவங்களால அது ஆகாது, ஞாயித்துக்கிழமை பக்கியில (சின்ன பிக்கப் வண்டி) வந்து பொட்டலத்தை நீட்டி போட்டோ எடுத்துட்டுப் போற குரூப்பாலயும் ஆகாது. அப்படி ஒரு குரூப் பண்ணினதை நேர்லயே பாத்தேன், பேர் வேணாம், சாப்பாட்டைக் கையில பிடிச்சுக்கிட்டே ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, எனக்கு வயிறு எரிஞ்சுது.

குறைன்னா ஒண்ணுதான், இது பகல் நேர இடம், ராத்திரி படுக்க முடியாது, சாயங்காலம் எல்லாரும் மறுபடி ரோட்டுக்குத்தான் போகணும். அதுக்கு இவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், காசு கட்ட முடியாதவங்களுக்கு ராத்திரி படுக்கை குடுக்கிறது நகரத்தோட வேலை.

போறவங்க முதல்ல போன் பண்ணி என்ன தேவைன்னு கேட்டுட்டுப் போங்க. புரட்டாசி, காவடி சமயத்துல எல்லாரும் ஒரே நாள்ல அண்டா அண்டாவா கொண்டு போகாம வேற வேற நாளாப் பிரிச்சுக்கிட்டா வீணாகாது. சாப்பாட்டோட சோப்பு, காலுறை, புது உள்ளாடை, பொம்பளைங்களுக்கு பேட், ஜிப் வெச்ச சின்ன பிளாஸ்டிக் பை இதெல்லாம் கொண்டு போங்க, அந்தப் பையில மாத்திரையும் ஐடியும் நனையாம இருக்கும். போனை மட்டும் வெளிய எடுக்காதீங்க, ப்ளீஸ்.